கோல்டனை எடுத்தது சரியா தப்பா? மச்சினன் ஏழு வாரமா வீட்டுக்கு வரல

கேள்வி: அண்ணே வணக்கம். அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கில 9 வருஷமா இருக்கேன், கிரீன் பே பேக்கர்ஸ் டீமோட தீவிர ரசிகன். என் மனைவியோட தம்பி 2 வருஷம் முன்னாடி இங்க வேலைக்கு வந்தான், அவனுக்கு அமெரிக்கன் ஃபுட்பாலை அரிச்சுவடியில இருந்து கத்துக்குடுத்தது நான்தான். டீமுக்கு பெரிய ரிசீவர் வேணும்னு அவன், டிஃபென்ஸ்தான் முதல்லன்னு நான், மார்ச்ல இருந்தே தினமும் வாக்குவாதம். 2025 ஏப்ரல் 24 டிராஃப்ட்ல முதல் ரவுண்டுலயே மேத்யூ கோல்டன்னு ஒரு ரிசீவரை எடுத்ததும் அவன் சோஃபால இருந்து குதிச்சான், எனக்கு கோவம் வந்து "நேத்து வந்தவன் நீ, உனக்கு ஆட்டம் என்ன தெரியும்"னு வந்திருந்த எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். சாப்பிடாம கிளம்பிப் போனவன் ஏழு வாரமா வரல. வீட்டுல என் மனைவிக்கு நிம்மதி இல்ல. 7 வயசுப் பையன், போன பொறந்தநாளுக்கு அவங்க மாமா வாங்கிக் குடுத்த சைக்கிளை எடுக்கவே மாட்டேங்குறான், அது கராஜ்ல அப்படியே கிடக்கு. உண்மையிலயே எங்க டீமுக்கு ரிசீவர் தேவைதானா? நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மில்வாக்கி, ஜூன் 2025)

பதில்: தம்பி, நான் ஆப்பிள்டன்ல 6 வருஷம் இருந்தவன், அங்கிருந்து கிரீன் பே அரை மணி நேரம், அதனால டிராஃப்ட் ராத்திரி உங்க வீட்டு ஹால்ல என்ன சூடு இருந்திருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். நம்ம ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக மட்டும் ஒரு வார்த்தை. இது பந்தை கையில வச்சுக்கிட்டு ஓடுற ஃபுட்பால், குவார்ட்டர்பேக் எறிவார், ரிசீவர் ஓடிப்போய் புடிப்பார். டிராஃப்ட்னா காலேஜ்ல ஆடுற பசங்களை டீம்கள் முறை வச்சு எடுக்கிறது, ஐபிஎல் ஏலம் மாதிரி காசு கேட்டு எடுக்கிறது இல்ல. பேக்கர்ஸுக்கு தனி முதலாளி கிடையாது, 5 லட்சத்துக்கும் மேல ஜனங்க ஷேர் வச்சிருக்காங்க, அதனால அந்த ஊர்ல முடி வெட்டுறவர்ல இருந்து சர்ச் வாசல்ல நிக்கிற பாட்டி வரைக்கும் யாரை வாங்கணும் யாரை விடணும்னு ஆளுக்கொரு கணக்கு வச்சிருப்பாங்க.

முதல்ல உங்க மச்சினன் பக்கத்தைப் பாப்போம், ஏன்னா அவன் சும்மா பேசல. 2022 மார்ச்ல நம்ம பெரிய ரிசீவர் டவான்டே ஆடம்ஸை ரெய்டர்ஸ் டீமுக்கு டிரேட் பண்ணதுக்கு அப்புறம் பேக்கர்ஸ்ல ஒரு ரிசீவர் கூட ஒரு சீசன்ல பந்து புடிச்சு 1000 யார்டு தூரத்தை தொடல, 2024ல முதல் ஆளா இருந்த ஜேடன் ரீடே 857 யார்டுதான். 2025 ஜனவரி 12 ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மேட்ச்சை நினைச்சுப் பாருங்க, 22-10னு தோத்தோமே அது. நம்ம ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சன் அதுக்கு முந்தின வாரம் பேர்ஸ் மேட்ச்ல முட்டி ஜவ்வு கிழிஞ்சு வெளிய போயிட்டார், ஆட்டத்துக்கு நடுவுல இன்னொரு ரிசீவர் ரோமியோ டூப்ஸும் அடிபட்டுப் போனார், ரீடும் போனார், குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் 3 இன்டர்செப்ஷன் குடுத்தார், அதாவது அவர் எறிஞ்ச பந்தை 3 தடவை எதிர் டீம் புடிச்சுடுச்சு. அதுக்கப்புறம் டீமோட ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கிட்டு ஓடுறவர்) ஜாஷ் ஜேக்கப்ஸே நமக்கு நிரூபிச்சுக் காட்டின ஒரு நம்பர் ஒன் ரிசீவர் வேணும்னு வெளிப்படையா சொன்னார்.

அடுத்த தடவை பழைய மேட்ச் போட்டுப் பாக்கும்போது பந்தைப் பாக்காதீங்க, எதிர் டீம்ல கடைசியா பின்னாடி காவல் நிக்கிற சேஃப்டியோட காலைப் பாருங்க. வாட்சன் களத்துல இருந்தா, பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த ஆள் ரெண்டு மூணு அடி பின்னாடி வைப்பான், வாட்சன் நேரா ஓட ஆரம்பிச்சதும் இடுப்பைத் திருப்பி அவர் கூடவே ஓடுவான், அவன் விட்டுட்டுப் போன இடத்துலதான் நம்ம டீமோட இன்னொரு ஆள் டக்கர் கிராஃப்ட் ஜாலியா நின்னு பந்தைப் புடிப்பார். வாட்சன் கைக்கு பந்தே வரல, ஸ்கோர் கார்டுல அவர் பேர் இல்ல, ஆனா அந்த 15 யார்டு அவர் வாங்கிக் குடுத்தது. அவர் இல்லாத அன்னைக்கு அதே சேஃப்டி பயமில்லாம முன்னாடி வந்து நிக்கிறான். உங்க மச்சினன் ரிசீவர் வேணும் ரிசீவர் வேணும்னு கத்துறது இதைப் பாத்துட்டுத்தான்னு எனக்குத் தோணுது, ரெண்டே வருஷத்துல ஒருத்தன் கண்ணுக்கு இது பட்டிருக்குன்னா கத்துக்குடுத்தவர் நல்லா கத்துக்குடுத்திருக்கார்.

இப்ப உங்க பக்கம். மார்ச்ல அவன் கேட்ட ஆள் டிகே மெட்காஃபாத்தான் இருந்திருக்கணும், அப்ப மார்க்கெட்ல இருந்த பெரிய பேர் அதுதான். ஸ்டீலர்ஸ் அவருக்காக டிராஃப்ட்ல தங்களோட ரெண்டாவது ரவுண்டு பிக்கையும் (ஆள் எடுக்கிற முறை) குடுத்து, வருஷத்துக்கு சுமார் 3 கோடி டாலர் சம்பளமும் எழுதிக் குடுத்தாங்க. 2025க்கு ஒரு டீமோட மொத்த சேலரி கேப்பே (சம்பள உச்சவரம்பு) 27 கோடியே 92 லட்சம் டாலர்தான், அதுக்குள்ள 53 பேருக்கு சோறு போடணும், 2024ல லவ்வுக்கு 4 வருஷத்துக்கு 22 கோடின்னு கையெழுத்து போட்டாச்சு, 2025 மார்ச்ல, குவார்ட்டர்பேக்கை காக்குற கார்டு ஆரன் பேங்க்ஸுக்கு 4 வருஷத்துக்கு 7 கோடியே 70 லட்சம். இதுக்கு மேல மெட்காஃபையும் வாங்கியிருந்தா நீங்க கேக்குற டிஃபென்ஸுக்கு எங்க இருந்து காசு வரும்? 2025 ஜூன்ல, எதிர் டீம் ரிசீவரை மறிக்கிற கார்னர்பேக் ஜெய்ரே அலெக்ஸாண்டரையும் ரிலீஸ் பண்ணிட்டாங்க, நேட் ஹாப்ஸை வாங்கி வச்சிருந்தாலும் அந்தப் பக்கம் கை குறைச்சல்தான், உங்க கவலை எனக்குப் புரியுது.

பெரிய ரிசீவர் வந்தா மட்டும் கப் வந்துடாதுங்கிறதுக்கும் உங்க கையில சாட்சி இருக்கு. பெங்கால்ஸ் ரிசீவர் ஜமார் சேஸ் 2024ல 127 கேட்ச், 1708 யார்டு, 17 டச்டவுன் (பந்தோட எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கிற ஸ்கோர்), மூணுலயும் லீக்லயே முதல் இடம், ஆனா பெங்கால்ஸ் 9-8, அதாவது 9 ஜெயிச்சு 8 தோத்து, பிளேஆஃபுக்கே போகல. நம்ம ஆடம்ஸ் ரெய்டர்ஸுக்குப் போன முதல் வருஷமே 1516 யார்டு அடிச்சார், ரெய்டர்ஸ் 6-11. சீஃப்ஸ் 2022ல பெரிய ரிசீவர் டைரீக் ஹில்லை டிரேட் பண்ணிட்டு அடுத்தடுத்து 2 சூப்பர் பவுல் (லீக்கோட இறுதி ஆட்டம்) ஜெயிச்சாங்க. ஆனா தம்பி, இதை அவன்கிட்ட சொன்னீங்கன்னா அவன் திருப்பி ஒரே பேர் சொல்வான், ஏஜே பிரவுன். 2022 டிராஃப்ட் ராத்திரி டிரேட் பண்ணி அவரை வாங்கின ஈகிள்ஸ்தான் 2025 பிப்ரவரில 40-22னு கப்பை எடுத்தாங்க. அதனால இந்த வாதத்தை உதாரணம் சொல்லி யாரும் ஜெயிக்க முடியாது, ரெண்டு பக்கமும் உதாரணம் கொட்டிக் கிடக்கு.

என்னைக் கேட்டா முடிவு பண்ண வேண்டியது இன்னொரு இடத்துல இருக்கு, நீங்க ரெண்டு பேருமே அதைப் பேசினதா லெட்டர்ல இல்ல. வாட்சனும் டூப்ஸும் 2022ல ஒண்ணா வந்தவங்க, முதல் கான்ட்ராக்ட் 4 வருஷம், அப்ப ரெண்டு பேருக்கும் 2025தான் கடைசி வருஷம். வாட்சன் முட்டி ஆபரேஷன் முடிஞ்சு சீசன் ஆரம்பத்துல வர மாட்டார், டூப்ஸை அடுத்த வருஷம் வேற டீம் தூக்கிட்டுப் போகலாம், அப்ப 2026ல லவ் யாருக்கு எறிவார்? ஆஃப்சீசன் வேலையில பாதி அடுத்த வருஷத்து ஓட்டைக்கு இந்த வருஷமே ஆள் புடிச்சு வைக்கிறதுதான். 23வது பிக்ல கோல்டன், மூணாவது ரவுண்டுல சவியான் வில்லியம்ஸ், ரெண்டும் அந்தக் கணக்குலதான் வந்திருக்கு, அதுவும் முதல் கான்ட்ராக்ட் சம்பளத்துல, மெட்காஃப் வாங்குற காசுல சின்னப் பங்குதான். 40 யார்டை 4.29 செகண்டுல ஓடின பையன், 2025 கம்பைன்ல (டிராஃப்ட்டுக்கு முன்னாடி நடக்குற உடல்தகுதி சோதனை) ரிசீவர்கள்ல அவன்தான் முதல், அந்த சேஃப்டியோட காலை மறுபடியும் பின்னாடி நகர்த்த அது போதும். 2002ல ஜவான் வாக்கருக்கு அப்புறம் பேக்கர்ஸ் முதல் ரவுண்டுல ரிசீவரே எடுத்தது இல்ல, இந்த வருஷம் எடுத்தாங்க, எடுத்தது சரின்னுதான் நான் சொல்வேன். அந்த ராத்திரி அவன் குதிச்சதுல தப்பே இல்ல.

ஆனா அவன்கிட்டயும் ஒண்ணு சொல்லணும், செப்டம்பர்ல கோல்டன் வந்து ஆடம்ஸ் மாதிரி ஆடுவான்னு எதிர்பாத்தா ஏமாந்துடுவான். ஆடம்ஸே அப்படி ஆடல. 2014ல ரெண்டாவது ரவுண்டுல வந்தார், 2015ல ஜோர்டி நெல்சன் முட்டி போனதும் இவர்தான் தாங்கணும்னு எல்லாரும் நினைச்சாங்க, 50 கேட்ச், 483 யார்டு, ஒரே ஒரு டச்டவுன், கைக்கு வந்த பந்தெல்லாம் விட்டார், இவனைத் தூக்குங்கடான்னு பேசாத ரசிகன் அந்த வருஷம் கம்மி. அடுத்த வருஷம் 12 டச்டவுன். வாட்சன் மட்டும் என்ன, 2022 செப்டம்பர் 11 மினியாபோலிஸ்ல டீமோட முதல் பந்தே அவருக்குத்தான், பேட்ரிக் பீட்டர்சனைத் தாண்டி தன்னந்தனியா ஓடுறார், அப்ப குவார்ட்டர்பேக்கா இருந்த ஆரன் ராஜர்ஸ் எறிஞ்ச பந்து அளந்து வச்ச மாதிரி ரெண்டு கைக்கும் நடுவுல வருது, உள்ளங்கையில பட்டு கீழ விழுது. 75 யார்டு டச்டவுன் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அதே பையன் டல்லாஸுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 3 டச்டவுன் அடிச்சார்.

இப்ப நீங்க சொன்ன அந்த வார்த்தைக்கு வரேன். நேத்து வந்தவன் நீ. 2020ல நீங்க மில்வாக்கிலதான் இருந்தீங்க, அந்த டிராஃப்ட் ராத்திரி ஞாபகம் இருக்கும். 13-3 ஆடி அரையிறுதியில தோத்த டீம், ஊரே ரிசீவர் கேக்குது, ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் 22வது பிக்லயே போயிட்டார், 26வது இடத்துக்கு ஏறி வந்து, ராஜர்ஸ் இருக்கும்போதே இன்னொரு குவார்ட்டர்பேக்கா ஜோர்டன் லவ்வை எடுத்தாங்க, அந்த டிராஃப்ட் முழுக்க ஒரு ரிசீவர் கூட எடுக்கல. 40 வருஷமா சீசன் டிக்கெட் வச்சிருக்கிறவங்க கூட கொதிச்சாங்க, நானும் ஆப்பிள்டன்ல உக்காந்து கொதிச்சேன். இன்னைக்கு அந்த லவ்தான் நம்ம குவார்ட்டர்பேக், அவருக்கு யார் பந்து புடிக்கிறதுன்னுதான் நீங்க வீட்டுல சண்டை போட்டிருக்கீங்க. எத்தனை வருஷமா பாக்குறோம்ங்கிறதை வச்சு ஒருத்தன் வாயை அடைக்கிற உரிமை நம்ம யாருக்கும் இல்ல தம்பி.

நான் முதல் தடவை பேக்கர்ஸோட மைதானமான லாம்போ ஃபீல்டுக்குப் போனது டிசம்பர் மாசம், அலுமினிய பெஞ்ச்சு, கீழ கான்கிரீட்டு, ஷூவுக்குள்ள ரெண்டு சாக்ஸ் போட்டும் கால் விரல் மரத்துப் போச்சு. பக்கத்துல இருந்த வயசான அம்மா ஒருத்தங்க என் காலைப் பாத்துட்டு, அவங்க கொண்டு வந்திருந்த அட்டைப் பெட்டியைக் கிழிச்சு என் காலுக்கு அடியில போட்டாங்க, இதுமேல நில்லு குளிர் ஏறாதுன்னாங்க. இடைவேளையில, நீ என்ன நினைக்கிற, இந்த ரிசீவர்ங்கள்ல யாரை வச்சுக்கலாம்னு என்கிட்ட கேட்டாங்க. எனக்கு அன்னைக்கு ரூல்ஸே பாதிதான் தெரியும், ஏதோ சொன்னேன், தலையை ஆட்டி கடைசி வரைக்கும் கேட்டாங்க. அன்னைக்கு நான் அந்த டீமோட ஆளானேன். உங்க மச்சினனுக்கு அந்த அம்மாவா இருந்தது நீங்க, ஊரு விட்டு வந்த பையனுக்கு ஞாயித்துக்கிழமை சாப்பாடும் மேட்ச்சும் உங்க வீட்டுலதான் இருந்திருக்கு, அதையே நாலு பேர் முன்னாடி புடுங்கிட்டீங்க. அவன் வராததுக்குக் காரணம் கோல்டன் இல்ல.

அதனால ஃபோன் நீங்கதான் பண்ணணும், உங்க மனைவியை தூது விடாதீங்க, அவங்க ஏற்கனவே ரெண்டு பக்கமும் பேசிக் களைச்சிருப்பாங்க. வாட்ஸ்அப் மெசேஜும் வேண்டாம். "நான் சொன்னது தப்பு மாப்ள, எல்லார் முன்னாடியும் சொன்னது அதைவிட தப்பு"ன்னு சொல்லிட்டு நிறுத்துங்க, அதோட சேத்து ஆனாலும் டிஃபென்ஸ்னு ஆரம்பிக்காதீங்க. அவன் உடனே பேசலைன்னா விடுங்க, ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் கூப்பிடுங்க. அன்னைக்கு வீட்டுல இருந்த நண்பர்களையும் ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அவங்க முன்னாடியும் சொல்லுங்க, விழுந்த இடத்துலதான் எடுக்கணும்.

அப்புறம் ஜூலை கடைசியில டிரெய்னிங் கேம்ப் ஆரம்பிக்கும், உங்க ஊர்ல இருந்து ரெண்டு மணி நேர டிரைவ், ஒரு நாள் லீவு போட்டு மூணு பேரும் போங்க. லாம்போ வாசல்ல சின்னப் பசங்க சைக்கிளோட வரிசையா நிப்பாங்க, பிளேயர்ஸ் வெளிய வந்து ஆளுக்கொரு பையனோட சைக்கிளை வாங்கி, முட்டி மூஞ்சில இடிக்க இடிக்க மிதிச்சுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பயிற்சி மைதானம் ரே நிட்ச்கி ஃபீல்டுக்குப் போவாங்க, அந்தப் பையன் அவரோட ஹெல்மெட்டைத் தூக்கிக்கிட்டு பக்கத்துலயே ஓடுவான். பல தலைமுறையா நடக்குது. அங்க உக்காந்து கோல்டன் எப்படி ரூட் ஓடுறான், கார்னர்பேக்குங்க எப்படி நிக்கிறாங்கன்னு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்து பாருங்க, உங்க சண்டைக்கான விஷயம் எல்லாம் அந்த ஒரே மைதானத்துல இருக்கும்.

அதுக்கு முன்னாடி அந்த சைக்கிளை கராஜ்ல இருந்து வெளிய எடுக்கணும், ஏழு வாரமா கிடந்ததுல டயர்ல காத்து இறங்கியிருக்கும். அதை நீங்க தொடாதீங்க, அவங்க மாமா வந்து அடிக்கட்டும்.