கணக்கு முடியாத கிழவிகள்

அன்புள்ள அக்கா,

'கோயிங் இன் ஸ்டைல்' பார்த்தேன். மூன்று தாத்தாமார் வங்கியைக் கொள்ளையடிக்கிற படம். வயிறு வலிக்கச் சிரித்தேன், ஆனாலும் கொள்ளை நம்புகிற மாதிரி இல்லை. 1979இல் வந்த பழைய படம்தான் நல்லது என்கிறார்கள். உங்களுக்கு எது பிடிக்கும்? நம் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களை வைத்து இப்படி ஒரு படம் எடுக்கவே முடியாது, இல்லையா? தோட்டத்தை நடத்துகிற துரையைக் கண்டாலே துண்டை இடுப்பில் கட்டுகிறவர்கள் அவர்கள்.

க., தலவாக்கலை

அன்புள்ள தம்பி,

கொள்ளை நம்புகிற மாதிரி இல்லைதான். இருக்கட்டும், இந்தப் படத்தை அதற்காக யாரும் பார்ப்பதில்லை.

பழைய படத்தில் ஜார்ஜ் பர்ன்ஸ், ஆர்ட் கார்னி, லீ ஸ்ட்ராஸ்பெர்க் மூவரும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய்த்தான் வங்கிக்குக் கிளம்புகிறார்கள். முடிவில் இருவர் இறந்துவிடுகிறார்கள், ஒருவர் சிறையில். சினிமாவாக அதுதான் கனமானது. எனக்குப் பிடித்தது 2017இல் வந்ததுதான். காரணம் அந்தப் பென்ஷன். இரும்பு ஆலையில் காலமெல்லாம் உழைத்தவர்களுடைய ஓய்வூதியம், கம்பெனி கைமாறும்போது போய்விடுகிறது. தங்களுக்கு வரவேண்டியதை மட்டும் எடுப்பது, மிச்சத்தைத் தானம் கொடுப்பது என்று பேசி வைத்துக்கொண்டுதான் மூவரும் இறங்குகிறார்கள். அந்த இடத்தை நீங்கள் கவனித்திருந்தால் கடைசி வரியை எழுதியிருக்க மாட்டீர்கள்.

தலவாக்கலையில் இருந்துகொண்டு அப்படி எழுத எப்படி மனம் வந்தது? துண்டை இடுப்பில் கட்டியவர்கள் கணக்கை விட்டுவிட்டார்கள் என்று யார் சொன்னது?

எங்கள் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்த கிலோவையெல்லாம் லயம் என்கிற வரிசை வீட்டில், எங்கள் காம்பராக் கதவுக்குப் பின்னால் கரிக்கோடாகப் போட்டு வைப்பார். வேலையில் இருந்து நின்ற பிறகு அவருக்குச் சேவைக்காலப் பணம் வரவில்லை. இலங்கையின் 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி அதை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாள் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் கொழுந்து பறித்தவருக்கு 420 நாள் சம்பளம், தம்பி. சும்மா விடுகிற காசா அது?

அம்மாயியும், அவரோடு சேர்ந்து நின்ற லயத்துக் கூட்டாளிகள் மூன்று பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? விடியற்காலையில் கூடையும் இடுப்பில் கட்டுகிற படங்குமாக, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்றார்கள். தினமும். "உங்களுக்குத்தான் வேலை முடிஞ்சிருச்சே" என்று கணக்கப்பிள்ளை சொன்னால், "கணக்கு முடியலியே ஐயா, அப்ப நாங்க இன்னும் வேலையாளுதானே" என்பார்களாம். சொல்லிவிட்டு மலைக்கும் ஏறிவிடுவார்கள். செக்ரோல் என்கிற வருகைப் பதிவில் இல்லாத நாலு பேர் கொழுந்து பறித்துக்கொண்டு வந்து தராசில் வைத்தால் கிளாக்கர் அதை எந்தப் பேரில் எழுதுவார்? பெரட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

பணம் வந்தது, மூன்று பேருக்கு. நான்காமவருக்கு அடையாள அட்டையில் ஒரு பேர், தோட்டத்துப் பதிவில் வேறொரு பேர். எந்தக் காலத்திலோ ஒரு கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியது. மற்ற மூவரும் கைநாட்டு வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். வீட்டில் அரிசிக்கே இழுபறி, மாமா தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கு வராத காசு எங்களுக்கும் வேண்டாம் என்று அம்மாயி அசையவில்லை. கடைசியில் நான்கு பேரும் ஒரே நாளில்தான் வாங்கினார்கள். புதிய படத்தில் ஆலன் ஆர்கின் தன் சிறுநீரகத்தை மோர்கன் ஃப்ரீமனுக்குக் கொடுக்கும்போது நான் அழுதது அதனால்தான்.

உங்கள் வீட்டில் யாராவது இன்னும் தோட்டத்து வேலையில் இருந்தால், ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) அட்டையில் உள்ள பேரையும் அடையாள அட்டையில் உள்ள பேரையும் இந்த வாரமே ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்தக் கொடுங்கள். பழைய படத்தை அப்புறம் பார்க்கலாம்.