டியூனர் ஓடுகிறது, படம் வரவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: செந்தூலில் இருக்கிறேன். அப்பாவுக்குத் தமிழ்ச் சேனல் பார்க்கத்தான் ஆன்லைனில் 300 வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு யுஎஸ்பி சேட்டலைட் டியூனர் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று போட்டிருந்தது. ஆஸ்ட்ரோ சந்தாவை நிறுத்திவிட்டோம், டிஷ் இன்னும் கூரையில்தான் இருக்கிறது. என் லேப்டாப்பில் இருப்பது உபுண்டு லினக்ஸ். அதில் செருகினால் டியூனரைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் கஃபீன் (Kaffeine) என்ற டிவி மென்பொருளில் ஸ்கேன் செய்தால் ஒரு சேனல்கூட வருவதில்லை. நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் சேனல் பெயர்கள் வரிசையாக வந்தன, படம் மட்டும் கறுப்பு. விற்றவர் பொருளில் பழுதே இல்லை என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்களிடம் இருப்பது ஒரு சிக்கல் இல்லை, இரண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் விற்றவரிடம் பேசினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது.

விண்டோஸில் சேனல் பெயர்கள் வந்தன என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் மிக முக்கியமான தகவல். டிஷ் சரி, கேபிள் சரி, டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி சரி, டியூனரும் சரி. இவற்றில் எது கெட்டிருந்தாலும் பெயர்களே வந்திருக்காது. படம் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் வேறு: வானவில், விண்மீன் உட்பட ஆஸ்ட்ரோவின் சேனல்கள் பூட்டப்பட்டு வருகின்றன, அவர்களுடைய பெட்டியும் ஸ்மார்ட் கார்டும் இல்லாமல் திறக்காது. லினக்ஸ் ஆனாலும் விண்டோஸ் ஆனாலும் இதில் வித்தியாசம் இல்லை. பூட்டைத் திறக்க 'பேட்ச்' போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள். அப்பாவுக்கு மாதச் சந்தா இல்லாமல் ஏதாவது வேண்டுமென்றால் 2012-இல் வந்த, ஆஸ்ட்ரோவின் சந்தா இல்லாத சேவையான என்ஜாய் இருக்கிறது, அதற்கும் அவர்களுடைய பெட்டியும் கார்டும்தான்.

சரி, உபுண்டுவில் ஏன் பெயர்கள்கூட வரவில்லை? என் முதல் சந்தேகம் ஃபர்ம்வேர் மேல், அதாவது டியூனர் சிப்பை இயக்கும் சின்ன மென்பொருள் மேல். இந்த டியூனர்களில் பலவற்றுக்கு டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கும், ஆனால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு தனி, அது உபுண்டுவோடு வராமல் போகலாம். இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், டிவிபிஸ்கை எஸ்960 மாதிரியான டியூனர்களில் இருக்கும் எம்88டிஎஸ்3103 சிப்புக்கு, டியூனரைப் பயன்படுத்தத் தொடங்கும்போதுதான் டிரைவர் அந்தக் கோப்பைத் தேடும், அதுவரைக்கும் செருகியதும் கண்டுபிடித்தது, டெவ் ஃபோல்டருக்குள் டிவிபி என்ற ஃபோல்டரும் வந்தது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே தோன்றும். ஆகவே ஸ்கேனை ஓடவிட்டு, அது தோற்ற உடனே டெர்மினலில் டிமெசேஜ் (dmesg) கட்டளையைக் கொடுத்து கடைசி வரிகளைப் படியுங்கள். ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, எர்ரர் -2 என்று இருந்தால் கோப்பு இல்லை என்று அர்த்தம். அதே வரியில் கோப்பின் பெயரும் இருக்கும். லிப்ரெஎலெக் (LibreELEC) திட்டத்தின் டிவிபி ஃபர்ம்வேர் தொகுப்பில் அந்தப் பெயரைத் தேடி எடுத்து, லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் போட்டு, டியூனரைக் கழற்றி மறுபடி செருகுங்கள்.

ஃபர்ம்வேர் பற்றிய வரி எதுவும் இல்லையென்றால் அடுத்து கஃபீனில் எல்என்பி அமைப்பைப் பாருங்கள். கூரையில் இருக்கும் எல்என்பியின் மேலேயே 9750/10600, 10750, 11300 என்று ஏதாவது எண் அச்சடித்திருக்கும், அதே எண்தான் மென்பொருளிலும் இருக்க வேண்டும். 10600-க்குப் பதில் 10750 என்று போட்டால் டியூனர் 150 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தேடும். சிக்னல் அளவு காட்டும், ஆனால் லாக் ஆகாது, அதாவது அலைவரிசையைப் பிடித்து நிற்காது.

அப்புறம் கரண்ட். டியூனரோடு வந்த 12 வோல்ட் அடாப்டரை நண்பரின் லேப்டாப்பில் பார்த்தபோது செருகிவிட்டு, உங்கள் லேப்டாப்பில் பார்க்கும்போது செருக மறந்துவிட்டீர்களா? யுஎஸ்பி 2 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்ப், அதாவது 2.5 வாட். எல்என்பி 18 வோல்ட்டில் 150 மில்லிஆம்ப் இழுத்தாலே 2.7 வாட் ஆகிவிடும், டியூனர் தனக்கு எடுத்துக்கொள்வது வேறு. அடாப்டர் இல்லாமல் இது நடக்காது.

இப்போது பணம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் விற்றவர் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், எந்த வேலைக்கு என்று நீங்கள் சொல்லி வாங்கினீர்களோ அந்த வேலைக்கு உதவ வேண்டும். ஆகவே கேள்வி 'படம் வருகிறதா' என்பது இல்லை, வாங்கும்போது அவர் என்ன சொன்னார் என்பதுதான். விற்பனைப் பக்கத்திலோ சேட்டிலோ ஆஸ்ட்ரோ பார்க்கலாம் என்று எழுதியிருந்தால், அல்லது ஆஸ்ட்ரோவுக்காகத்தான் வாங்குகிறேன் என்று நீங்கள் கேட்டு அவர் 'வரும்' என்று பதில் போட்டிருந்தால், உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. பக்கம் மாறுவதற்குள் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வெறும் 'லினக்ஸ் சப்போர்ட்' மட்டும் போட்டிருந்து, ஃபர்ம்வேர் ஏற்றியதும் ஸ்கேன் வேலை செய்துவிட்டால், அவர் சொன்னது உண்மையாகிவிடுகிறது. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது. கெர்னலில் டிரைவரே இல்லாமல், அவர் தரும் டிரைவரும் உங்கள் உபுண்டுவில் ஏறவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

அடுத்தவர்கள் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், ஒரே பெயரில் வெர்ஷன் மாறும்போது உள்ளே சிப்பும் மாறுகிறது. கடையில் லேப்டாப்பில் செருகி எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை காட்டும் எட்டு இலக்க அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, லினக்ஸ்டிவி விக்கியில் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆன்லைன் என்றால் அந்த அடையாளத்தை விற்பவரிடமே கேளுங்கள், சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்க மாட்டேன். டிபிஎஸ் (TBS) நிறுவனத்தின் டியூனர்களில் பலவற்றுக்கு அவர்களுடைய டிரைவரை மூல நிரலிலிருந்து தனியாகக் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும், கெர்னல் புதுப்பிக்கும்போது மறுபடியும் அதே வேலை. பொறுமை இருப்பவர்களுக்கு நல்ல பொருள், அப்பாவுக்கு வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இல்லை.

கேள்வி: பினாங்கு, ஜெலுத்தோங். 'டிஜிட்டல் டிவி' என்று எழுதிய சின்ன யுஎஸ்பி ஸ்டிக் மலிவாகக் கிடைத்தது. லினக்ஸில் மைடிவி சேனல் ஒன்றும் பிடிக்கவில்லை. நல்ல ஆண்டெனா வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆண்டெனாவுக்குச் செலவு செய்வதற்கு முன் ஸ்டிக்கில் டிவிபி-டி என்று இருக்கிறதா, டிவிபி-டி2 என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் ஆண்டெனா வழி டிஜிட்டல் ஒளிபரப்பு முறைகள், டி பழையது, டி2 புதியது. 2019 அக்டோபர் 31-இல் அனலாக் முழுவதும் நிறுத்தப்பட்ட பிறகு இங்கே ஆண்டெனாவில் வரும் மைடிவி ஒளிபரப்பு டி2-வில்தான். மலிவு ஸ்டிக்குகளில் பெரும்பாலும் இருக்கும் ஆர்டிஎல்2832யு சிப் தனியாக இருந்தால் பழைய டி மட்டும்தான் புரியும், எவ்வளவு நல்ல ஆண்டெனா மாட்டினாலும் டிவி2-வின் தமிழ்ச் செய்தி வராது. எஸ்ஐ2168 சிப் உள்ள டி2 ஸ்டிக்காகத் தேடுங்கள், கெர்னலில் டிரைவர் உண்டு, ஃபர்ம்வேர் கோப்பு மட்டும் மேலே சொன்ன தொகுப்பிலிருந்து போட வேண்டும். கையில் இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள், அதே ஆர்டிஎல் சிப்பை வைத்து லினக்ஸில் எஃப்எம் வானொலி கேட்கலாம், பாயான் லெப்பாஸில் இறங்கும் விமானங்களின் சிக்னலையும் பிடிக்கலாம்.