டால்பின் குட்டி எப்போது தனியாகும்? – கேள்வி பதில்

என் பதில்கள் பெரும்பாலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே விரிகுடாவைப் பற்றியவை. அங்கே 1980-களிலிருந்து டால்பின் தாய்களையும் குட்டிகளையும் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள்.

கேள்வி: குட்டி எத்தனை மாதத்தில் தாயைப் பிரியும்?

பதில்: மாதக்கணக்கல்ல, ஆண்டுக்கணக்கு. பெரும்பாலான குட்டிகள் மூன்று முதல் ஆறு வயதுக்குள் பால்குடி மறக்கும். எட்டு வயது வரை குடித்ததும் உண்டு. ஆனால் பிரிந்து பழகுவது பிறந்த சில வாரங்களிலேயே தொடங்குகிறது. தாய் இரைதேடி ஆழத்துக்குப் போகும்போது குட்டி மேலே தனியாகச் சுற்றும். சில மாதங்களில் தானே குட்டி மீன்களைத் துரத்தும். மல்லாந்து நீந்தி, மீனை நீர்மட்டத்தோடு நெருக்கி வாயால் கவ்வும் அழகே தனி.

குட்டி இன்னும் தாயைச் சார்ந்திருப்பதற்கு அடையாளம், தாயின் வயிற்றுக்கடியில் உரசியபடி நீந்துவது. வயது ஏற ஏற இது குறையும்; பால் மறந்ததும் நின்றுவிடும்.

கேள்வி: பச்சைக் குட்டியைத் தாய் தனியே விடுவது அலட்சியம் இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. தாய் சாப்பிடாமல் பால் எப்படிச் சுரக்கும்? பிரிந்திருக்கும் நேரம் முடியும் தறுவாயில், தாயிடம் திரும்பும்போதுதான் குட்டி அதிகம் சீழ்க்கையடிக்கிறது என்று 1993-இல் வெளியான ஆய்வு காட்டியது. திரும்பிச் சேரும் வழி குட்டிக்குத் தெரியும்.

கேள்வி: தந்தையின் பங்கு?

பதில்: வளர்ப்பில் எதுவும் இல்லை.

கேள்வி: வேட்டையைத் தாய் சொல்லிக்கொடுக்குமா?

பதில்: குட்டி பார்த்துக் கற்கிறது. ஷார்க் பேயில் சில தாய்கள் கடற்பஞ்சைப் பிய்த்து மூக்கில் மாட்டிக்கொண்டு, கரடுமுரடான தரையைக் கிளறி, ஒளிந்திருக்கும் மீனை வெளியேற்றும். கூடவே நீந்தும் குட்டிக்கு இதைக் காண ஆண்டுகள் கிடைக்கின்றன. மகள்களே இதை அதிகம் கைக்கொள்கிறார்கள், மகன்கள் குறைவு.

கேள்வி: மன்னார் வளைகுடாவில் எங்கள் படகருகே தாயும் குட்டியும் வந்தன. மீன் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, அவை போகும்வரை காத்திருங்கள். துரத்தவும் வேண்டாம்.

கேள்வி: ஷார்க் பேயின் மங்கி மியா கடற்கரையில் மட்டும் மீன் கொடுக்கிறார்களே! பசித்த தாய்க்கு உதவினால் குட்டிக்கும் நல்லதுதானே?

பதில்: இந்த வாதத்தை விட்டுவிட முடியாது, மங்கி மியாவே அதற்கு எதிரான சாட்சி. கட்டுப்பாடில்லாமல் உணவளித்த காலத்தில் அந்தத் தாய்களின் குட்டிகள் அதிகமாக இறந்தன. தாய் கரையோரம் மீனுக்காகக் காத்திருக்கும் நேரம் குட்டிக்குக் கிடைக்காத நேரம். பாலும் பராமரிப்பும் குறைகின்றன, வேட்டையைப் பார்க்கும் வாய்ப்பும் போகிறது. 1995-இல் விதிகளைக் கடுமையாக்கிய பிறகு குட்டிகள் பிழைப்பது மேம்பட்டது. இன்று குறிப்பிட்ட சில பெண் டால்பின்களுக்கு மட்டும், அளவோடு, ஊழியர்களின் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள், குட்டிகளுக்குக் கொடுப்பதில்லை.

கேள்வி: ஒரே ஒரு மீன் போட்டால் என்ன குறைந்துவிடும்? நாய்க்குப் போடுவதில்லையா?

பதில்: நாய் மனிதனோடு வாழும் பிராணி. டால்பின் குட்டிக்குப் படகு என்றால் உணவு என்று பழகிவிட்டால், படகின் விசிறியிலும் தூண்டில் கயிற்றிலும் அடிபடுவது அதுதான். ஷார்க் பேயில் இயல்பாகவே பத்தில் நான்குக்கு மேற்பட்ட குட்டிகள் மூன்று வயதைத் தாண்டுவதில்லை. அந்தக் கணக்கில் நாமும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: குட்டி எத்தனை மாதத்தில் பிரியும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மாதம் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

கேள்வி: பால் மறந்த பிறகு தாயை அடியோடு விட்டுப் போய்விடுமா?

பதில்: இல்லை. ஷார்க் பேயில் ஆணும் பெண்ணும் பிறந்த நீர்ப்பரப்பிலேயே தங்குகின்றன. மகள் தாயின் இரைதேடும் இடங்களைச் சுற்றியே வாழ்வாள். வழியில் சந்திப்பு நிகழும். மகன் மற்ற ஆண்களோடு கூடித் திரிந்து, ஆண்டுகள் கழித்து அவர்களோடு உறுதியான கூட்டணி அமைப்பான்.