வயதான நாய் சாப்பிடவில்லையா? முதலில் என்ன மாத்திரை போகிறது என்று பாருங்கள்

உங்கள் 11 வயது லேப்ரடாருக்கு மூட்டுவலிக்காக மெலாக்ஸிகாம் ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, இரண்டு நாளாகத் தட்டை மோந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது, வயதானால் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இப்போதே போன் செய்யுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

எங்கள் ஜிம்மியும் லேப்ரடார்தான். பத்து வயதில் பின்னங்கால் இழுக்க ஆரம்பித்தது. மெலாக்ஸிகாம் கொடுத்த நான்காம் நாள் வாசல்படியைத் தானாக ஏறினான், வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். மூன்று வாரம் கழித்துத் தோலில் அரிப்பு வந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அப்போது ஊரில் இல்லை. வேறொரு கிளினிக்கில் காட்டினோம், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். ஏற்கெனவே என்ன மருந்து போகிறது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே கொடுத்தோம்.

ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தான். "கண்டதைத் தின்றிருப்பான்" என்றார் அம்மா. மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் அவன் போயிருந்தது தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. கழுவிவிடலாம் என்று ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். சிமெண்டுத் தரையில் ஓடிய தண்ணீர் செம்பழுப்பாக மாறியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். எப்போதும் ரோஸாக இருக்கும் ஈறு, பலமுறை துவைத்த வேட்டி மாதிரி வெளுத்திருந்தது.

வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது. வலியை உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைத்துத்தான் மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் வேலை செய்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காப்பாற்றுகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது. கூடவே ஸ்டீராய்டும் சேர்ந்தால் இரைப்பைக்கு இருக்கும் கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் போய்விடும். அதனால் இந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கவே கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் எத்தனை நாள் இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஜிம்மிக்கு மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது, வயிற்றுப் புண்ணுக்குச் சுக்ரால்ஃபேட்டும் பான்டோப்ரசோலும் கொடுத்தார்கள். பிழைத்தான்.

இதைப் படித்துவிட்டு மூட்டுவலி மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வலியோடு படுத்துக் கிடப்பதும் கொடுமைதான். ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை, ஆரம்பித்த சில வாரத்தில் மறுபடி ஒன்று, எப்போதும் சாப்பாட்டோடு, எடைக்குச் சரியாக அளந்து: இவ்வளவு செய்தாலே ஆபத்து நிறையக் குறையும். ஜிம்மிக்கு அதன்பின் வேறு வகை வலி மருந்தான கபாபென்டின் கொடுத்தோம். முதல் வாரம் கால் பின்னி, தள்ளாடித் தள்ளாடி நடந்தான். அளவைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. உண்மையில் அவன் காலுக்கு அதிகம் உதவியது எடையைக் குறைத்ததுதான். 41 கிலோவிலிருந்து 34 கிலோவுக்கு வர எட்டு மாதம் ஆனது. வழுக்கும் டைல்ஸ் மேல் கோணிச் சாக்கும் பழைய கால்மிதியும் விரித்துப் போட்டோம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென், பாராசிட்டமால் எதையும் நாய்க்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கொத்துக் கொத்தாகச் செத்ததால்தான் 2006இல் இந்தியாவில் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அந்த மாத்திரை இன்னமும் நமக்குத் தெருமுனை மெடிக்கலில் கிடைக்கிறது, அதனால் பலருக்கு அது சாதாரணமாகத் தெரிகிறது.

ஸ்டீராய்டு மட்டும் தனியாகப் போனாலும் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகும், ஓயாமல் மூச்சிரைக்கும், எந்நேரமும் பசிக்கும். அதைத் திட்டாதீர்கள், நாயால் மூத்திரத்தை அடக்க முடிவதில்லை. அதற்காக மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியும் விடக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்துபோயிருக்கும், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எந்த மருந்தும் இல்லாமலே தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீரகம், சர்க்கரை, உடம்பே ஸ்டீராய்டை அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோய் என்று பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. சிறுநீரகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவு ஏறும். அது நார்மல் என்றதும் நிம்மதி அடையாமல் சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். கருத்தடை செய்யாத பெட்டை நாய் என்றால், பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து போய்த் தண்ணீர் குடித்தபடியே இருந்தால், கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். அதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கண்ணில் தெரியும் நீலச் சாம்பல் மங்கல் பெரும்பாலும் லென்ஸ் முதிர்வதுதான், எல்லாமே கண்புரை கிடையாது. தூங்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் நாயிடம் திரும்பி வருகிறேன். டாக்டரிடம் கிளம்பும் முன் ஈறின் நிறத்தைப் பாருங்கள், கடைசியாகப் போன கக்காவை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது கொடுக்கிற எல்லா மருந்தின் அட்டையையும், உண்ணி மருந்து, சத்து டானிக் உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கறுப்பாகப் போயிருந்தாலோ ஈறு வெளுத்திருந்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், வண்டியை எடுங்கள்.