கிண்டியில் படித்த பொறியாளர் நியூ ஜெர்சி சட்டமன்றம் போன வழி

எச்-1பி வேலை விசாவில் நியூ ஜெர்சி வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: உபேந்திர சிவுகுலா இங்கே எப்படிச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார், நாமும் அரசியலில் இறங்கலாமா?

தம்பி, அவர் பிறந்தது நெல்லூர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு நியூயார்க்கில் முதுகலை முடித்தார். ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தார். அரசியலில் அவர் முதல் படி பிராங்க்ளின் டவுன்ஷிப் கவுன்சில், அதாவது அந்த ஊரின் உள்ளாட்சி மன்றம். 1997-ல் அங்கே ஜெயித்து, 1998-ல் துணை மேயர், 2000-ல் மேயர். 2001 நவம்பரில் 17-வது தொகுதியில் வென்று, நியூ ஜெர்சி சட்டமன்றத்துக்குப் போன முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். சூரிய மின்சக்திச் சட்டங்களை முன்மொழிந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. படித்த படிப்பு அங்கே கைகொடுத்தது. 2012, 2014 இரண்டு முறையும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு முயன்று தோற்றார். 2014-ல் மின்சாரம், எரிவாயு கட்டணங்களை முடிவுசெய்யும் மாநில வாரியத்துக்கு உறுப்பினராகப் போனார்.

நம்மூர் எம்எல்ஏ மாதிரி இது ஐந்தாண்டுப் பதவி இல்லை. 40 தொகுதி, தொகுதிக்கு இரண்டு பேர், பதவிக்காலம் 2 ஆண்டு. அவர் இருந்த காலத்தில் சம்பளம் ஆண்டுக்கு 49,000 டாலர்தான். வேறு வேலையும் பார்த்துக்கொண்டே செய்கிறவர்கள்தான் அதிகம்.

இனி உங்கள் விஷயம். குடியுரிமை கிடைக்கும்வரை வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகிற இடத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்ற கேள்வி வரும். படிக்காமல் ஆமென்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் "எப்போதாவது பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா" என்று நேராகவே கேட்கிறார்கள். தெரியாமல் செய்தேன் என்பது பல நேரம் எடுபடாது, நாடுகடத்தல் வரை போகும்.

விசாவில் இருக்கும்வரை தேர்தல் நிதியும் தரக்கூடாது. வேட்பாளருக்காக நடக்கும் விருந்துக்கு டிக்கெட் வாங்கினாலும் அது நன்கொடைதான். நண்பர் பெயரில் கொடுப்பது இன்னும் மோசம். கிரீன் கார்டு வந்தபின் கொடுக்கலாம்.

சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்கலாம், தொலைபேசியில் அழைக்கலாம். பிரசாரப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற முடிவில் மட்டும் கலந்துகொள்ளாதீர்கள். டவுன்ஷிப் கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரம் உண்டு. உள்ளூர்ச் சாலை, வடிகால், சொத்து வரியில் டவுன்ஷிப்பின் பங்கு எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. இந்த மாதமே போய் உட்காருங்கள்.