ஓட்டுப் போட்ட பிறகு, தோட்டப்புறத்தில் இருக்கும் நம்மால் அரசியலில் வேறென்ன மாற்ற முடியும்?

கேட்டவர் தம்பியா தங்கச்சியா தெரியவில்லை, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். அநேகமாக 18 வயதிலேயே ஓட்டு கிடைத்த செட்டாக இருப்பீர்கள். 2021 டிசம்பரில் நம் மலேசியாவில் அது நடைமுறைக்கு வந்தபோது பெயர்ப் பதிவும் தானாக நடக்கத் தொடங்கியது. எங்கள் காலத்தில் 21 வயதாகி, நாமே போய் பாரம் (படிவம்) நிரப்ப வேண்டும். அப்படிப் போகாமலே விட்டவர்கள் எங்கள் லயத்தில் நிறைய பேர்.

உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. நான் பேராக் மாநிலத்துக்காரி. 2009இல் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாறியதில் நாங்கள் தேர்ந்தெடுத்த மாநில அரசாங்கமே கவிழ்ந்தது. 2018இல் மத்தியில் ஆட்சியை மாற்றினோம், 2020இல் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் அதையும் கவிழ்த்தார்கள். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 2022இல்தான் வந்தது. அதுவும் ஜனங்கள் கத்திக் கத்தி வந்தது.

ஆனால் குப்பை, வாய்க்கால், தெருவிளக்கு, திடல் எல்லாம் யார் கையில்? மாவட்ட மன்றத்தின் கையில். அதற்கு நாம் ஓட்டே போடுவதில்லை. ஒரு காலத்தில் உள்ளாட்சித் தேர்தல் இருந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த சமயம், 1965இல் நிறுத்தி வைத்தார்கள். 1976இல் வந்த சட்டத்தோடு அடியோடு போய்விட்டது. இப்போது கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு. அதனால் அங்கே நாமே போய் நின்றால்தான் உண்டு.

எங்கள் கதையைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் எழுதியது யார் என்று தெரிந்துவிடும். தோட்டத்தை விற்றபோது மலிவு விலை வீடுகளுக்கு வந்தவர்கள் நாங்கள். வீடுகளுக்கு மேல்பக்கம் ஒரு திடல். பையன்கள் பந்து விளையாடுவார்கள், மழை பெய்தால் பாதித் தண்ணீரை அதுதான் குடிக்கும். எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் உள்ளூர்த் திட்ட வரைவை மாவட்ட மன்றம் பார்வைக்கு வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். மலாயில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க வரைபடம். பச்சையாக இருக்க வேண்டிய எங்கள் திடல் நீலமாக இருந்தது. நீலம் என்றால் வணிகம், அதாவது கடைவீடு. மேசையில் ஆட்சேபப் பாரம் அடுக்கி வைத்திருந்தார்கள், மேலே தூசி.

திட்டமிடல் சட்டம் 172 இருக்கிறதே, அதில் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்டாக வேண்டும். நேரில் வந்து பேசுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் விசாரணைக் குழு முன் பேசவும் விட வேண்டும். நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பாரம் நிரப்பினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து, முகப்பில் இருந்த பெண்ணிடம் தேதியோடு சாப்பு (முத்திரை) அடித்துத் திரும்ப வாங்கினோம். முதலில் அவள் மாட்டேன் என்றாள். அடிக்கும் வரை வரிசை நகரவில்லை.

குழு முன்னால் நான் தயார் செய்துகொண்டு போன மலாய் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பேசியது பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி. "கெடாய் பாஞாக் சூடா தூத்தூப், துவான்" என்றார். இருக்கிற கடைகளே பாதி சாத்திக் கிடக்கிறது, புதுசு யாருக்கு? அப்புறம் கையைக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டி, திடலை மேடாக்கினால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இவ்வளவு வரும் என்றார். குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

திட்டம் அரசிதழில் வந்து கெஸட் ஆனபோது திடலில் பெரும்பகுதி பச்சையாகவே இருந்தது. ரோட்டோரம் ஒரு துண்டு மட்டும் கடைக்குப் போனது. "அது உங்களால் இல்லை, ஒய்பி (மக்கள் பிரதிநிதி) பேசினார்" என்று ஒரு கட்சிக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். பேசியிருக்கட்டும். சாப்பு அடித்த நகல்கள் என் அலமாரியில் இருக்கின்றன, அவருடையதில் என்ன இருக்கிறது?

ஒரு திடலைக் காப்பாற்றியது அரசியல் சீர்திருத்தமா என்று சிலர் கேட்பார்கள். பேரணிக்குப் போனவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2007 நவம்பரில் கோலாலம்பூர் போய்க் கண்ணீர்ப் புகை வாங்கியவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. அடுத்த மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணியின் மூன்றில் இரண்டு பெரும்பான்மை போனதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஆத்திரம் வேறிடத்தில். ஜனநாயகம் ஜனநாயகம் என்று வாட்ஸ்அப்பில் தினமும் பாடம் எடுக்கும் எங்கள் கோயில் பொருளாளர், ஆண்டுக் கூட்டம் எப்போது என்று கேட்டால் மட்டும் குழுவை விட்டு வெளியேறிவிடுவார். திருவிழாக் கணக்கு இன்னும் வரவில்லை. பெண்கள் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கலாம், கணக்கு கேட்கக் கூடாது. சரி, அது இங்கே வேண்டாம்.

தம்பி, உங்கள் மாவட்ட மன்றத்தின் மாதக் கூட்டம் எப்போது என்று முதலில் விசாரியுங்கள். மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர, அது பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம். உள்ளூர்த் திட்டம் திருத்தப்படுகிறதா என்றும் கேளுங்கள். கடிதம் மலாயில்தான் எழுத வேண்டும். மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது, வேண்டும் என்றால் கீழே கேளுங்கள், போடுகிறேன்.