கேள்வி-பதில்: பின்சீற்றுக்குக் கீழே இருக்கும் கிழவர்கள்

கே: 2014 அக்குவா ஹைபிரிட் கார். மீற்றர் பலகையில் எச்சரிக்கைச் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கராஜில் ஹைபிரிட் பற்றரியில் ஒரு செல் மட்டும் மாற்றி, "ஒரு வருசத்துக்குப் பயமில்லை" என்றார்கள். ஏழு வாரத்தில் திரும்ப எரிகிறது. இப்போது இன்னொரு செல் பழுதாம், இன்னொரு முறை காசாம்.
- வாசகி, வவுனியா

ப: பிழை உங்களில் இல்லை, அம்மா. அக்குவாவில் 7.2 வோல்ற் செல் 20 வரிசையாகக் கோர்த்திருக்கும். எல்லாம் ஒரே வயது, ஒரே வெயிலில் காய்ந்தவை. ஒன்று செத்தால் மற்றவையும் கிழவர்கள்தான். அடுத்தது யார் என்பதுதான் கேள்வி. முறையான திருத்தம் என்றால் 20ஐயும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் பல தடவை சார்ஜ் ஏற்றி இறக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று அளந்து, ஒத்தவற்றைச் சேர்க்கவேண்டும். செல்களை இணைக்கும், பச்சை பிடித்த செப்புத் தகடுகளையும் தேய்க்கவேண்டும். நாட்கணக்கில் பிடிக்கும் வேலை இது. காலையில் விட்டுப் பின்னேரம் எடுத்தீர்கள் என்றால் அது நடக்கவில்லை. அப்படிச் செய்தாலும் கொஞ்சக் காலத்துக்குத்தான் உயிர் வரும்.

சில இடங்களில் அதுவும் இல்லை. ஸ்கானரைச் செருகிப் பிழைக்குறியீட்டை அழித்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, "ரீகண்டிஷன்" என்று பெயர் வைக்கிறார்கள். 2021இல், இறக்குமதித் தடைக் காலத்தில், நான் வாங்கிய பிரியஸ் ஹைபிரிட்டுக்கு இந்த வைத்தியம்தான் நடந்தது. ஐந்து மாதம் ஓடியது. வாரண்டியை வாய்ப்பேச்சில் வாங்கிய மடையன் நான்.

உங்களிடம் பற்றுச்சீட்டு இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அதற்கு மூன்று மாதம்தான் தவணை. ஏழு வாரம் போய்விட்டது, நாளைக்கே எழுதுங்கள். விபரம் கேட்கத் தொலைபேசி இலக்கம் 1977.

கே: ஹொண்டா வெசல் ஹைபிரிட் பற்றரியையும் இப்படி உயிர்ப்பிக்கலாமா?
- திருகோணமலை

ப: கூடாது. அது லித்தியம். அக்குவாவின் நிக்கல் பற்றரிக்குச் செய்யும் வைத்தியம் அதற்குச் சரிவராது, தீப்பிடிக்கலாம்.

கே: 2012 அக்குவா, மீற்றரில் 62,000 கிலோமீற்றர். இரவில் பார்த்து அப்போதே முற்பணம் கொடுத்தேன். லீற்றருக்கு 35 ஓடும் என்றார் தரகர். 16தான் ஓடுகிறது.
- சுன்னாகம்

ப: இரவில் கத்தரிக்காய்கூட வாங்கமாட்டோம், நீங்கள் கார் வாங்கியிருக்கிறீர்கள். 35.4 என்பது ஜப்பானின் ஜேசி08 பரிசோதனைக்கூடத்துக் கணக்கு. ரோட்டில் அதைத் தேடாதீர்கள். 62,000மும் ஐமிச்சம்தான், சேஸி இலக்கத்தைக் கொடுத்து ஜப்பான் ஏலத்தாளை எடுத்துப் பார்த்திருக்கலாம்.

என்றாலும் 16 குறைவு. கதவோரத்து ஸ்ரிக்கரில் உள்ள அளவுக்கு ரயர்க் காற்று இருக்கிறதா? ஒயில் 0டபிள்யூ-20தானா, கையில் இருந்த தடித்த ஒயிலா? அப்புறம் பின்சீற்றடியில் காற்று இழுக்கும் துவாரத்தைப் பாருங்கள். பற்றரிக்கு அதுதான் மூக்கு. நம் ஆட்கள் அதை மறைத்து அரிசி மூட்டையை வைப்பார்கள். உள்ளே விசிறியில் தலைமயிரும் தூசியும் கம்பளிபோலப் படிந்திருக்கும். பற்றரி சூடேறினால் கணினி அதைக் குறைவாகத்தான் பாவிக்கும், அந்தச் சுமையை என்ஜின் தூக்கும், பெற்றோல் போகும். விசிறியைக் கழற்றித் துடைக்கப் பெரிய செலவில்லை. பற்றரி விலை பேச முதல் இதைச் செய்யுங்கள்.

கே: பெற்றோல் குழாயில் கட்டும் காந்தம் மிச்சம் பிடிக்குமா?
- வெள்ளவத்தை

ப: நானும் வாங்கினேன். இப்போது ஃபிரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கே: எப்போதும் பி (B) கியரில், அதாவது என்ஜின் பிரேக் கியரில், ஓடினால் கூடச் சார்ஜ் ஆகுமாமே? சிக்னலில் நியூட்ரல் போடுவதும் நல்லதாம்.
- மட்டக்களப்பு

ப: இரண்டும் பிழை. றம்பொடை போன்ற நீண்ட இறக்கத்துக்குத்தான் பி. நியூட்ரலில் என்ஜின் ஓடினாலும் பற்றரி சார்ஜ் ஆகாது.

கே: இரண்டு மாதம் நிறுத்தி வைத்த காரில் 'ரெடி' விளக்கு வரவில்லை. ஹைபிரிட் பற்றரி செத்துவிட்டதாம், முழுதாக மாற்றவேண்டுமாம்.
- யாழ்ப்பாணம்

ப: சொன்னவர் சின்னப் பற்றரியை அளந்தாரா? 12 வோல்ற் பற்றரி இறங்கினாலும் 'ரெடி' வராது. முதலில் அதைச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். அதுவரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.